பெடல் உயரமாக இருந்தும் நிற்காத ஜீப்: பழைய சி.ஜே. 3பி-யின் பிரேக் வேலை

"பிரேக் சரியா பிடிக்கல" என்று ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால், எங்கள் போடிப் பக்கம் பெரும்பாலும் கிடைக்கிற முதல் பதில், "மாஸ்டர் சிலிண்டரை மாத்திப் பாத்துருவோம்ணே" என்பதுதான். மாற்றியும் ஆயிற்று. புது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்புவது), புது பிரேக் ஆயில், காலை வைத்த உடனே கனம் காட்டும் பெடல். எல்லாம் சரி, வண்டி மட்டும் நிற்க மாட்டேன் என்றது. அதற்கப்புறம் வீட்டு வாசலிலேயே நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்த வேலையின் பதிவு இது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தி நிறுத்துவது), மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் கிடையாது என்ற நிலையில் மலைப்பாதை ஓட்டுகிறவர்களுக்குப் பயன்படலாம்.

வண்டி மஹிந்திரா சி.ஜே. 3பி. எழுபதுகளில் வந்தது. பெட்ரோல் எஞ்சின் போய், பின்னாளில் வந்த எம்.எம். 540-இல் இருந்த அதே 2.1 லிட்டர் பூஜோ டீசல் எஞ்சின் ஏறியிருக்கிறது, ஆர்.சி.யிலும் ஏற்றியாயிற்று. பிரேக் மட்டும் பழைய வில்லிஸ் காலத்து ஏற்பாடே. 9 இஞ்ச் டிரம், ஷூ மேல் ஒண்ணே முக்கால் இஞ்ச் அகல லைனிங் (உராய்வுப் பட்டை), ஓட்டுநர் காலடியில் தரைத் தகட்டுக்குக் கீழே சேஸிஸில் மாட்டிய ஒற்றை மாஸ்டர் சிலிண்டர். ஒரே சர்க்யூட். ஏதாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் போய்விடும். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள் இதைவிட இரண்டு மடங்கு பாரத்தோடு இதே மலையில் ஓடியிருக்கின்றன. ஆகவே "இந்த பிரேக் இவ்வளவுதான் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் நான் ஏற்றுக்கொள்வதில்லை. 9 இஞ்ச் டிரம் ஒன்றும் பிரமாதமான பிரேக் இல்லை, ஆனால் ஒழுங்காக வைத்தால் போதுமான பிரேக்.

பெடலைக் கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பெடலை நன்றாக மிதித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, சமதளத்தில், அவசரமில்லாமல்.

மிதித்தால் பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று. பலமாக மிதித்து அப்படியே பிடித்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஆயில் பின்னால் நழுவுகிறது. முதல் மிதியில் தரை வரை போய், உடனே இரண்டாவது மிதியில் மேலே வந்து நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகம். பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் நின்று, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் அழுத்தம் போய்ச் சேருகிறது, உராய்வுதான் இல்லை. லைனிங்கில் எண்ணெயோ, சூட்டில் கெட்டியாகி மினுமினுக்கும் கண்ணாடிப் பூச்சோ, தவறான ஷூவோ இருக்க வேண்டும்.

என் வண்டியில் பெடல் அமுங்கவில்லை, இறங்கவும் இல்லை. முதல் மிதி கொஞ்சம் ஆழம், இரண்டாவது மிதி உயரம். உயர்ந்த பிறகும் நிறுத்தும் சக்தி இல்லை, அதோடு வண்டி வலது பக்கம் இழுத்தது. அதாவது மாஸ்டர் சிலிண்டர் முதலிலேயே குற்றவாளி இல்லை. ஆனால் இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு விஷயம் இருந்தது. போடிமெட்டிலிருந்து மலையடிவாரத்து முந்தலுக்கு இறங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகளில், பாதி இறங்கியதும் பெடல் தானாகவே உயர ஆரம்பித்தது. விளையாட்டே (தடை தெரியும் முன் பெடல் சும்மா போகும் தூரம்) இல்லாமல், கால் வைத்த இடத்திலேயே நிற்கிறது. கீழே வந்து சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் வண்டி உருளவில்லை. முன் சக்கரத்தில் கருகல் வாடை.

இது யோசிக்க வைத்தது. டிரம் சூடானால் விரிந்து ஷூவிலிருந்து விலகும். அதனால் பெடல் கீழே போவதுதான் வழக்கம். மலை இறக்கத்தில் பிரேக் 'கழண்டு போச்சு' என்று சொல்வது அதைத்தான். இங்கே தலைகீழாக நடக்கிறது. சூட்டில் பெடல் உயர்ந்தால், ஆயில் விரிவடைகிறது, திரும்பிப் போக வழியில்லை என்று அர்த்தம்.

தரைக்குக் கீழே

மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனுக்குச் சற்று முன்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை உண்டு. பெடலை முழுவதும் விட்டிருக்கும்போது அந்தத் துளை திறந்திருக்க வேண்டும். சூட்டில் விரிகிற ஆயில் அது வழியாகத்தான் டேங்குக்குத் திரும்புகிறது. பிஸ்டன் ஒரு மயிரிழை முன்னால் நின்றாலும் ரப்பர் கப் அந்தத் துளையை மூடிவிடும். அப்புறம் லைனில் அடைபட்ட ஆயில் சூடாகி விரிந்து, யாரும் மிதிக்காமலே ஷூவை டிரம்மோடு அழுத்தும். உரச உரச இன்னும் சூடு, இன்னும் விரிவு.

பிஸ்டன் முழுவதும் பின்னால் வருவதற்காகத்தான் பெடலில் விளையாட்டு விட வேண்டும் என்கிறார்கள். இந்த ஜீப்பில் பெடல் தகட்டில் அளந்தால் அரை இஞ்ச். கையால் பெடலை அழுத்தும்போது அந்த அரை இஞ்ச் சும்மா போய், அதற்கப்புறம்தான் தடை தெரிய வேண்டும். என் பெடலில் அது பூஜ்யம்.

கீழே படுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. மாஸ்டர் சிலிண்டருக்குள் தள்ளுகிற கம்பியின் மரை புதிதாகத் திருகப்பட்டு, செக் நட் பளபளவென்று ஒரு புது இடத்தில் இறுகியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் பெடல் ஆழமாகப் போவதைப் பார்த்திருக்கிறார்கள். சக்கரத்தில் ஷூவை டைட் வைக்க வேண்டிய வேலையை, கம்பியை நீட்டி பெடலைத் தூக்கி முடித்துவிட்டார்கள். பார்ப்பதற்குப் பெடல் உயரம். ஓட்டுவதற்கு, முன் பிரேக் ஓயாமல் உரசிக்கொண்டே போகும் வண்டி. இந்தக் குறுக்குவழி பல இடங்களில் வழக்கமாகவே நடக்கிறது. வாடிக்கையாளர் பெடலை மிதித்துப் பார்த்துத் திருப்தியாகிப் போய்விடுவார், மலை ஏறுவது மறுநாள்தானே. பெடல் உயரத்தைச் சரிசெய்யும் இடம் டிரம். கம்பி இல்லை.

கம்பியைத் திரும்பக் குறைத்து அரை இஞ்ச் விளையாட்டு வைத்தேன். துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: தரைத் தகட்டிலுள்ள மூடியை எடுத்து, மாஸ்டர் சிலிண்டர் பிளக்கையும் கழற்றி, டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே பாருங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியைப் பெடலைக் கையால் மெல்ல அழுத்தச் சொன்னேன். அரை இஞ்ச் தாண்டியதும் ஆயில் மேற்பரப்பில் குப்பென்று ஒரு சின்ன நீரூற்று எழும்பி அடங்கியது. அது வந்தால் துளை திறந்திருக்கிறது. வராவிட்டால் கம்பி இன்னும் நீளம், அல்லது துளை அடைப்பு. முகத்தைக் கிட்டே வைக்க வேண்டாம், பிரேக் ஆயில் கண்ணுக்கு ஆகாது. பெயிண்டுக்கும் ஆகாது, சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைப்பது ரொம்ப முக்கியம். காலடியில் இருப்பதால் செருப்பு மண் முழுக்க அங்கேதான் சேர்ந்திருக்கும்.

கம்பியைச் சரிசெய்ததும், எதிர்பார்த்தபடியே, பெடல் கிட்டத்தட்டத் தரைக்குப் போய்விட்டது. இப்போதுதான் உண்மையான நிலவரம் தெரிகிறது.

முன் சக்கரங்கள்

ஜாக்கி மட்டும் நம்பாமல் ஆக்சிலுக்குக் கீழே கட்டை கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுத்தான் கழற்ற ஆரம்பித்தேன்.

டிரம்மைக் கழற்றியதும் எல்லோருக்கும் வரும் ஆசை, காற்றடித்துத் தூசியைப் பறக்க விடுவது. செய்யாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுவதே நல்லது.

வலது முன் பக்கம் ஓயாமல் உரசியதன் அடையாளம் அப்படியே இருந்தது. லைனிங் மேல் கறுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி மினுமினுப்பு, டிரம்முக்குள் நீலம் பாரித்த திட்டுகள். நகத்தால் கீறினால் லைனிங்கில் கோடே விழவில்லை. நல்ல லைனிங் அப்படி இருக்காது, லேசாகப் பொடி உதிரும்.

இடது முன் பக்கம் வேறு கதை. ஷூக்களைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டன்களில் பின் பக்கப் பிஸ்டன் நகர்கிறது, முன் பக்கப் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக் கிடக்கிறது. தூசி ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் காவி நிறச் சேறு. ஆற்றுக்குள் இறங்குகிற வண்டியில் இது வாடிக்கை. தண்ணீர் ரப்பருக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். வண்டி ஏன் வலது பக்கம் இழுத்தது என்பதற்கு இதுவே பதில். இழுக்கிற பக்கத்தில் கோளாறு இருக்கும் என்று பலர் அந்தப் பக்கத்தைப் பிரிப்பார்கள். பெரும்பாலும் பிடிக்காத பக்கம் எதிர்ப் பக்கம்தான்.

இங்கே முன் பிஸ்டன் ஒட்டியதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. இந்த 9 இஞ்ச் பிரேக்கில் மேலே ஒரு சிலிண்டர், கீழே ஷூ ஒவ்வொன்றுக்கும் கீல் மாதிரி தனித்தனி ஆங்கர் பின். வண்டி முன்னால் போகும்போது முன் பக்க ஷூவை டிரம் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். பின் பக்க ஷூவைத் தள்ளிவிடும். ஆகவே நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பக்க ஷூவுடையது. அதுதான் செத்துக் கிடந்தது.

அந்தக் காரணத்தால்தான் இந்த பிரேக்கில் நீள லைனிங் ஒட்டிய ஷூ முன் பக்கமும் குட்டை லைனிங் ஷூ பின் பக்கமும் வர வேண்டும். என் வண்டியில் இரண்டு முன் சக்கரங்களிலும் மாறிக் கிடந்தது! பிரேக் வேலை நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கே இதை மாற்றிப் போட வாய்ப்பிருக்கிறது. ஏனென்றால், இரண்டு ஷூவும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கிற சர்வோ வகை டிரம் பிரேக்கில் நீள லைனிங் பின் பக்கம்தான் போக வேண்டும். அந்த வகையில் கை பழகியவர் இதைப் பார்த்தால் 'யாரோ தப்பாப் போட்டிருக்காங்க' என்று திருத்திவிடுவார். கண்டுபிடிக்கும் வழி எளிது. கீழே இரண்டு ஆங்கர் பின் இருந்தால் நீளம் முன்னால். ஒரே ஆங்கரும், ஷூ இரண்டுக்கும் நடுவே திருகிற நட்சத்திரச் சக்கரமும் இருந்தால் நீளம் பின்னால்.

வீல் சிலிண்டரில் ரப்பர் கிட் மட்டும் போடுவதா, புதிதா என்ற கேள்வி எப்போதும் வரும். விரல் நுனியை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால் போதும். வழவழவென்று இருந்தால் கிட் போடலாம். இடது சிலிண்டரில் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம், புதிது வாங்கினேன். வலதில் லேசான கறைதான், நைசான உப்புத்தாளைப் பிரேக் ஆயிலில் நனைத்துத் தேய்த்து, கிட் போட்டேன். இந்த ரப்பர்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவக் கூடாது. ஊதிப்போய் அடுத்த வாரமே ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள்.

ஹோஸ்களையும் விட்டுவைக்கவில்லை. வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே உரிந்து அடைத்துக்கொள்வதுண்டு. காலின் பலத்தில் ஆயில் போய்விடும், ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பி வராது. வயது தெரியாத ஹோஸை நான் சோதிப்பதில்லை, மாற்றிவிடுவேன். ஒற்றை சர்க்யூட் வண்டியில் அதற்கு மிச்சம் பிடிப்பது தேவையில்லாத வேலை.

டிரம்களை லேத்துக்குக் கொண்டுபோனேன். நீலத் திட்டு உள்ள இடம் கெட்டிப்பட்டு மேடாக நிற்கும், அதை எடுக்க வேண்டும். லேத்காரர் அளந்து பார்த்துவிட்டு, "முன்னாடியே ரெண்டு மூணு தடவ கட்டிங் போட்டுருக்காங்கண்ணே, இதுக்கு மேல ஒரு தடவதான்" என்றார். பொதுவாக 9 இஞ்ச் டிரம்மை 60 தவ் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் வரை பெரிதாக்கலாம். அதற்கு மேல் போனால் டிரம் மெலிந்து சூடு தாங்காது. ஒன்று எல்லைக்குள் வந்தது, மற்றொன்றுக்கு வேறு டிரம் தேட வேண்டியதாயிற்று.

டிரம் பெரிதானால் இன்னொரு சிக்கல். புது லைனிங்கின் வளைவு 9 இஞ்சுக்கு உரியது. டிரம்மின் வளைவு அதைவிடப் பெரியது. அதனால் லைனிங்கின் நடுப்பகுதி மட்டும் தொடும், இரண்டு முனையும் தொடாது. புது லைனிங் போட்டும் பிரேக் சுமாராக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. லைனிங் மேல் சாக்பீஸைப் பூசி, டிரம்முக்குள் வைத்து முன்னும் பின்னும் உரசிப் பார்த்தேன். நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. சரி என்று, டிரம்முக்குள் 80-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஷூவை அதன் மேல் வைத்து ஈரத்தோடு தேய்க்க ஆரம்பித்தேன். கை வலிக்கும் வேலை. கொஞ்சம் தேய்ப்பது, சாக்பீஸ், பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. முக்கால்வாசிப் பரப்பு தொடும் வரை விடவில்லை. இதற்கென்று மெஷின் வைத்திருக்கும் கடை பக்கத்தில் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

பின் சக்கரங்கள்

பின் ஹப் முனை குறுகிய டேப்பர் ஷாஃப்டில், சாவி என்கிற உலோகத் துண்டு போட்டு இறுக்கியது. புல்லர் இல்லாமல் வராது. சுத்தியலால் ஷாஃப்ட் முனையில் அடித்து எடுக்கிறவர்கள் உண்டு. அந்த அடி நேராக உள்ளே பேரிங் வரை போகிறது, வேண்டாம். புல்லரை இறுக்கி அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது சில சமயம் தானாகவே விட்டிருக்கும். டப்பென்று பெரிய சத்தம் வரும், பயப்பட வேண்டாம். நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரையில் விட்டு வையுங்கள், ஹப் பறந்து காலில் விழாது.

வலது பின் டிரம்முக்குள் எண்ணெய். லைனிங் முழுக்க ஊறி, தொட்டால் விரல் வழுக்குகிறது. இப்போது கேள்வி: இது வீல் சிலிண்டரிலிருந்து வந்த பிரேக் ஆயிலா, ஆக்சிலிலிருந்து வந்த கியர் ஆயிலா? ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். இது மேலே வட்டமாக மிதந்தது. மூக்கில் வைத்தால் கியர் ஆயிலுக்கே உரிய கந்தக வாடை. ஆகவே ஆக்சில் ஆயில் சீல்.

சீலை மாற்றிவிட்டு மூடியிருந்தால் மறுபடி ஒழுகியிருக்கும். சீல் ஏன் விட்டது என்று பார்க்க வேண்டும். ஆக்சில் கூட்டின் மேல் காற்று போய்வர ஒரு சின்ன பிரீதர் இருக்கிறது. நீண்ட ஏற்றத்தில் கியர் ஆயிலும் உள்ளேயிருக்கும் காற்றும் சூடாகி விரியும்; பிரீதர் வழியே காற்று வெளியேற வேண்டும். என் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு மண் இறுகிக் கிடந்தது. வழியில்லாத காற்று சீல் பக்கமாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. அதே சூட்டோடு ஓடைக்குள் இறக்கினால் ஆக்சில் குளிர்ந்து, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். டிரெயின் பிளக்கைத் திறந்தபோது வந்த ஆயில் பாலூற்றிய டீ நிறத்தில் இருந்தது. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. பிரேக் பார்க்கப் போய் டிஃபரன்ஷியலைக் காப்பாற்றிய மாதிரி ஆயிற்று.

பிரீதரைச் சுத்தம் செய்து, அதில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, உடலின் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய் முனையைக் கீழே வளைத்துக் கட்டினேன். சீல் இரண்டு பக்கமும் புதிது.

எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவுவது, தீயில் காட்டுவது என்று பல வைத்தியம் சொல்வார்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும். சூடானதும் உள்ளே ஊறியது வியர்த்து மேலே வரும். தூக்கிப் போடுவதே சரி. ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கும்.

டைட் வைப்பது, காற்று எடுப்பது

எல்லாம் மாட்டிய பிறகுதான் பெடல் உயரம் உண்மையில் தீர்மானமாகிறது. ஷூக்களைத் தாங்கும் பின் தகட்டில் ஷூ ஒவ்வொன்றுக்கும் அதை டிரம் பக்கம் தள்ள ஒரு கோணல் காம் இருக்கிறது, வெளியே அதன் தலை தெரியும். கீழே ஆங்கர் பின்னும் கோணல்தான், லாக் நட்டோடு. லைனிங் புதிது என்றால் ஆங்கரையும் தொட வேண்டும். கீழ் முனையில் 5 தவ், மேல் முனையில் 8 தவ் இடைவெளி வருமாறு வைத்தேன். பிறகு மேல் காமை மட்டும், சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, நிற்கும் வரை இறுக்கி, லேசாக உரசும் சத்தம் மறையும் வரை தளர்த்துவது. ஒரு ஷூவை முடித்துவிட்டு அடுத்தது. இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் எது உரசுகிறது என்று தெரியாமல் குழம்பும்.

காற்று எடுக்கும்போது தூரத்துச் சக்கரம் முதலில். வலது கை ஓட்டு ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் என்பதால் இடது பின், வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். வீல் சிலிண்டரில் காற்று எடுக்கும் நிப்பிளில் ஒரு தெளிவான குழாய், அதன் மறுமுனை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள். பெடலை வேகமாகப் பம்ப் பண்ணினால் காற்று சின்னச் சின்னக் குமிழாக நுரைத்து ஆயிலோடு கலந்துவிடும். மெதுவாக மிதித்து, நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். டேங்கு சின்னது என்பதால் நடுநடுவே நிரப்ப மறந்தால் முதலிலிருந்து வேலை.

ஆயில் டாட் 4 ஊற்றினேன் (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை). புதிதாக இருக்கும்போது டாட் 3-க்குக் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் ஏறியபின் முறையே 140, 155 வரை இறங்கலாம். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மலை இறக்கத்தில் அந்த ஈரம் கொதித்து நீராவியானால் பெடல் சொல்லாமல் கொள்ளாமல் தரைக்குப் போகும். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருப்பதை அடுத்த வருஷம் ஊற்ற வேண்டாம்.

பூஸ்டர், டிஸ்க், டயர்

இந்த வேலை நடக்கும்போது வந்து பார்த்தவர்கள் எல்லாம் "பூஸ்டர் போட்டுருங்கண்ணே, இல்லன்னா முன்னாடி டிஸ்க்" என்றார்கள். போடலாம்தான். ஆனால் பூஸ்டர் காலின் பலத்தை மட்டும் கூட்டும். கியர் ஆயில் ஊறிய லைனிங்கையும் துருப்பிடித்த பிஸ்டனையும் அது ஒன்றும் செய்யாது. பூஸ்டருக்கு வேக்குவம் வேண்டும், டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் போல மேனிஃபோல்டில் வேக்குவம் கிடையாது. ஆல்டர்னேட்டரோடு பம்ப் வைத்தாக வேண்டும், அதற்கு எண்ணெய் லைன் வேண்டும். அதற்கு முன் நான் செலவு செய்ய நினைப்பது இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு. பலம் குறைந்த பிரேக்கைவிட, ஒரு ஹோஸ் போனதும் மொத்தமாகப் போகிற பிரேக் மோசம்.

டயரையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வண்டிக்கு உரியது 6.00-16. பார்வைக்காகவும் தரை உயரத்துக்காகவும் 7.00-16 போடுகிறோம். விட்டம் ஏறத்தாழ 2 இஞ்ச் கூடுகிறது. அதே பெடல் அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் பிரேக் விசை ஆறேழு சதவீதம் குறைகிறது. முன் வீல் சிலிண்டர் 1 இஞ்ச், பின் சிலிண்டர் முக்கால் இஞ்ச். பரப்பளவுக் கணக்கில் பின் ஷூவுக்குப் போகும் தள்ளுவிசை முன்னதில் பாதிக்குச் சற்று மேல்தான். அதனால் முன் சக்கரத்தில் ஒரு ஷூ வேலை செய்யாவிட்டாலும் வண்டியில் நன்றாகத் தெரியும். பின்னாலிருந்து அதை ஈடு செய்ய முடியாது.

ஓட்டிப் பார்த்தது

நேராக மலைக்குப் போகவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாக 10 வரை குறைப்பது, ஆற விடுவது, மறுபடி அதேபோல். புது லைனிங் டிரம்மோடு படிய இது வேண்டும். முதலில் கொஞ்சம் வாடை வரும், பிறகு நின்றுவிடும். படிவதற்கு முன் ஓங்கி மிதித்தால் மறுபடி கண்ணாடி போட்டுவிடும்.

அப்புறம் போடிமெட்டு. இறங்கும்போது இரண்டாவது கியர், டீசலின் பிடிமானமே பாதி வேலையைப் பார்த்தது. வளைவுக்கு முன் ஒரு தரம் திடமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். தொட்டுக்கொண்டே வந்தால் டிரம்முக்கு ஆற நேரமே கிடைக்காது. முந்தல் வந்ததும் இறங்கி நியூட்ரலில் தள்ளிப் பார்த்தேன், ஒரு ஆள் தள்ளுக்கு உருண்டது. நான்கு டிரம்மிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்ததில் முன் இரண்டும் ஒரே மாதிரி உஸ்ஸென்றன, பின் இரண்டும் கொஞ்சம் தாமதமாக. இழுப்பு இல்லை. பெடல் அரை இஞ்ச் விளையாட்டோடு, கிளம்பும்போது இருந்த உயரத்தைவிடச் சற்றே கீழே.

லைனிங் படியப் படிய இடைவெளி கூடும் என்பதால், சில நூறு கி.மீ. ஓடியதும் காம்களை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தேன். முன் இரண்டிலும் கொஞ்சம் இறுக்க வேண்டியிருந்தது, பின்னால் தொடவில்லை. ஓடை தாண்டிய பிறகு டிரம்முக்குள் தண்ணீர் நிற்கும். கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே ஓட்டிக் காய வைக்கிறேன்.

ஹேண்ட் பிரேக் மட்டும் இன்னும் சுமார்தான். இந்த ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை, இரண்டு ஆக்சிலுக்கும் பலத்தைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் தனி டிரம். அங்கேயும் சீல் ஒழுகி லைனிங் நனைந்திருக்கிறது. அதைப் பிரிக்க ஷாஃப்டை இறக்க வேண்டும். மழைக்கு முன் செய்தாக வேண்டும். அதுவரை சரிவில் நிறுத்தினால் கியரும், சக்கரத்துக்கு ஒரு கல்லும்.